மழை மாதங்களில் திறந்த கதவு

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்க இரண்டொரு நாள் இருக்கும். கிளை நூலகத்தின் வாசலில் ஈரச் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நிலைப்படிக்குள் நாலாக மடித்துப் போட்ட சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகள் உள்ளே ஓடுவார்கள். மூலையில் சாத்திய குடைகளிலிருந்து வடியும் தண்ணீர் ஒரு கோடாகத் தரையில் ஊர்ந்து வரும். நூலகர் அதைப் பார்த்துவிட்டுக் கீழ்த்தட்டுப் புத்தகங்களை எடுத்து மேல்தட்டில் அடுக்குவார். நாள் தவறாமல் வந்து நாளிதழ் படிக்கும் பெரியவர்கள் நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டு நடுக்கூடத்தை விட்டுக்கொடுப்பார்கள். அங்கே பாய் விரித்திருக்கும். ஓவியப் போட்டி. குப்புறப் படுத்தபடி பிள்ளைகள் வீடும் மரமும் கடலும் வரைவார்கள். வெளியே நாலு நாளாக வெயிலே இல்லாவிட்டாலும் சூரியனை வரைய மறக்க மாட்டார்கள்.

நவம்பர் 14 முதல் 20 வரை நாடெங்கும் நடக்கும் தேசிய நூலக வார விழா, தமிழ்க் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் இப்படித்தான் தொடங்குகிறது.

ஊரின் மற்ற விழாக்கள் மழையோடு மல்லுக்கு நிற்பதில்லை. தீமிதியும் பாரதக் கூத்தும் அறுவடை முடிந்து வானம் வெளுத்த பிறகு வரும். வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி மாதத்தில் ஓடும். நூலகம் மட்டும் அடைமழை மாதத்தைத் தன் திருவிழாக் காலமாக்கிக்கொண்டது எப்படி? அதற்கான விடை சென்னையில் தொடங்கி, பரோடா, கோதாவரி, மன்னார்குடி என்று சுற்றி, புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு மார்கழிக் காலையில் வந்து நிற்கிறது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் முருங்கப்பாக்கத்தைத் தாண்டி அரியாங்குப்பம், அடுத்து நோணாங்குப்பம், சுண்ணாம்பாற்றுப் பாலம், பிறகு தவளக்குப்பம். நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம். மேற்கே பிரியும் சாலை அபிஷேகப்பாக்கத்துக்குப் போகிறது. கிழக்கே போனால் நல்லவாடு, அதற்கப்பால் கடல். ராஜீவ்காந்தி கலை அறிவியல் கல்லூரி இங்கே இருப்பதால் காலையிலும் மாலையிலும் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் பேருந்துக்கு நிற்பார்கள். தெற்கே பாகூர் ஏரிப் பாசனத்தில் சம்பா நெல், கிழக்கே மீன்பிடி ஊர்கள், வடக்கே நகரம். மூன்றும் சந்திக்கும் இடம் இது.

எழுத்து இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தவளக்குப்பத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, ரோமானிய மட்பாண்டங்களோடு தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பானையில் எழுத்துப் பொறித்து வைத்த மண் இது. ஆனால் எழுதியதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துப் படிக்கலாம் என்று கதவைத் திறந்து வைக்கும் ஏற்பாடு இங்கே வந்துசேர மிக நீண்ட காலம் ஆனது.

முதல் கதவு 1827-ல் வந்தது. பிரெஞ்சு ஆளுநர் தெபசான் தெ ரிஷ்மோன் 1826 முதல் 1828 வரைதான் பதவியில் இருந்தார். அந்தக் குறுகிய காலத்திலேயே 1826-ல் அரச கல்லூரியையும், 1827 மே 16-ல் பொது நூலகத்தையும் புதுச்சேரியில் நிறுவினார். சென்னையில் கன்னிமாரா நூலகம் திறந்தது 1896 டிசம்பர் 5-ல். அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டு முன்பே புதுச்சேரியில் நூலகம் இருந்தது என்பது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் பெயரில் இருந்த ‘பொது’ கதவில் இல்லை. தொடக்கத்தில் அது ஐரோப்பியருக்கான நூலகம். உள்ளூர் மக்களுக்கு அந்த வாசல் பிறகுதான் திறந்தது. திறந்த பிறகும் பிரெஞ்சு படித்த நகரத்தாருக்குத்தான் அது எட்டியது. அரியாங்குப்பம் கொம்யூனில், அதாவது பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவில், ஏர் பிடித்தவருக்கும் வலை இழுத்தவருக்கும் அந்தக் கட்டடம், வரி கட்டவோ வழக்குக்கோ நகரம் போகிறபோது கண்ணில் படும் இன்னொரு வெள்ளைச் சுவர்.

ஊருக்குள் படிப்பு வேறு வழியில் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பதுதான் அந்த வழி. அதற்கென்றே அச்சிட்டவை ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள். அல்லி அரசாணி மாலை, புலந்திரன் களவு போன்ற கதைப்பாடல்களை மங்கிய விளக்கொளியிலும் படிக்கும்படி பருமனான எழுத்தில் அச்சிட்டுச் சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்றார்கள். சென்னை இரத்தின நாயகர் அன் சன்ஸ் வெளியிட்டவை ஊர்தோறும் புழங்கின. வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களிலும், கடல் கொந்தளித்துக் கட்டுமரங்கள் கரையேறிக் கிடக்கும் நாட்களிலும் திண்ணையில் இந்த வாசிப்பு நடக்கும். மழைக்காலத்தில் ஒரு கூரையின் கீழ் கூடி ஒரே புத்தகத்தைப் பலர் கேட்கும் வழக்கம், நூலகம் வருமுன்பே இங்கே இருந்தது.

நூலக வாரத்தின் தேதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் நேருவின் பிறந்த நாள் என்பார்கள். குழந்தைகள் தினமும் அன்றுதானே. ஆனால் நூலகத்துக்கு அந்தத் தேதி வாய்த்த கதை வேறு. 1919 நவம்பர் 14-ல் சென்னையில் அகில இந்தியப் பொது நூலக மாநாடு கூடியது. கூட்டியவர் அய்யங்கி வெங்கட ரமணய்யா. கோதாவரி மாவட்டத்துக் கொங்குதுரு ஊர்க்காரர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஏனாம் இருக்கும் அதே கோதாவரிப் பக்கம். மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பரோடா சமஸ்தானத்து நூலகத் துறையின் குடால்கர்.

பரோடாவிலிருந்து ஒருவரைத் தலைமைக்கு அழைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த நாளில் இந்தியாவில் நூலகம் கிராமம் வரை போன இடம் அதுதான். மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தார். பள்ளியை விட்டு வெளியே வந்த பிள்ளை படிக்க எதுவும் இல்லாமல் எழுத்தையே மறந்துவிடும் என்று கண்டு, 1910-ல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். பெட்டியில் அடுக்கிய புத்தகங்கள் ஊர் ஊராகப் போய்த் திரும்பும் சுற்று நூலகங்கள் அங்கே உருவாயின. ஆந்திரத்தில் அரசின் கையை எதிர்பாராமல் இளைஞர்களே அதைச் செய்தார்கள். 1914-ல் விஜயவாடாவில் ஆந்திர நூலகச் சங்கம் பிறந்தது. 1935-ல் பாதூரி நாகபூஷணம் கால்வாயில் படகு நூலகமே விட்டார். நெல் ஏற்றிப் போகும் கால்வாயில் புத்தகம் ஏறிப் போனது. கரையோர மக்கள் படகு வரும் நேரத்துக்குக் காத்திருந்து எடுத்துப் படித்தார்கள்.

சென்னை மாநாடு கூடிய அந்த நவம்பர் 14-ஐ நினைவில் வைத்துத்தான் இந்திய நூலகச் சங்கம் 1968-ல் தொடங்கி நூலக வாரத்தைக் கொண்டாடி வருகிறது. சென்னையில் நவம்பர் நடு என்றால் மழைதான் என்பது அய்யங்கிக்குத் தெரிந்திருக்கும். மழைக்கு அஞ்சாமல் அவர் வைத்த ஒரு தேதி, இன்று கடலோரத்துச் சிறு நூலகம் ஒவ்வொன்றையும் கார்த்திகை பிறக்கும் நேரத்தில் தோரணம் கட்ட வைக்கிறது.

இந்த வரலாற்றில் புதுச்சேரி ஏன் காணவில்லை? நடுவே எல்லைக்கோடு இருந்தது. பாரதி 1908-ல் சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வந்ததே அந்தக் கோட்டை நம்பித்தான். அவருடைய ‘இந்தியா’ இதழ் புதுச்சேரியில் அச்சாகி எல்லை தாண்டிப் போனபோது பிரிட்டிஷ் அரசு அதைத் தடுத்தது. பத்தாண்டு கழித்து, 1918 நவம்பரில், இதே மழை மாதத்தில் அவர் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லை தாண்டியதுமே கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைபட்டார். ஆளைப் பிடிக்கும் கோடு அச்சிட்ட தாளையும் பிடிக்கும். சென்னையில் கூடிய மாநாடும் அதன் பின் எழுந்த இயக்கமும் அந்தக் கோட்டின் மறுபக்கத்துக் கதையாகவே இருந்துவிட்டன.

மறுபக்கத்தில் அந்த இயக்கத்துக்கு ஒரு கணித ஆசிரியர் கிடைத்தார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆள் வராத அறையில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், மறுபடி வகுப்பறைக்கே போய்விடத் துடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. லண்டனுக்குப் போய் அங்குள்ள பொது நூலகங்களைப் பார்த்து வந்தவருக்குக் கண்ணில் பட்டது ஒன்றுதான்: அங்கே தொழிலாளியும் குழந்தையும் இல்லத்தரசியும் நூலகத்துக்கு வருகிறார்கள். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. 1931-ல் அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ வெளிவந்தது.

அந்த ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. ஓவியப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் நூலகத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்த விதியில்தான் விடை இருக்கிறது. புத்தகம் தன் வாசகரைத் தேடிப் போக முடியாது. ஆகவே நூலகம் போக வேண்டும், அல்லது வாசகரை வரவழைக்க வேண்டும். சொற்பொழிவு, வாசகர் வட்டம், கண்காட்சி, விழா, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவது எல்லாவற்றையும் ரங்கநாதன் நூலகத்தின் விரிவுப் பணி என்று கணக்கில் சேர்த்தார். திண்ணையில் பெரிய எழுத்துப் புத்தகம் வாசித்தவர் செய்ததும் இதே பணிதான்.

அதே 1931-ல், அக்டோபர் 21 அன்று, ஐப்பசி பிறந்து சில நாளே ஆன நேரத்தில், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. ஓய்வுபெற்ற பொறியாளரான எஸ்.வி.கனகசபைப் பிள்ளை தன் கைக்காசில் செய்த நடமாடும் நூலகம் அது. தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். பொறியாளருக்கே உரிய கைவேலை அதில் தெரிந்தது: பெட்டி போன்ற கூண்டு, உள்ளே புத்தகத் தட்டுகள், ஊரில் நிறுத்தியதும் திறந்து வைத்தால் வண்டியே நூலகம். நெல் மூட்டையும் வைக்கோலும் ஏறும் வண்டிப்பாதையில் புத்தகம் வந்தது. நூலகத்தின் வாசலுக்கு அன்று சக்கரம் முளைத்தது.

விடுதலைக்கு மறு ஆண்டே, 1948-ல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படியொரு சட்டம் அதுதான் முதல். ரங்கநாதன் பல ஆண்டுகளாக வரைவு போட்டுப் போராடிய சட்டத்தைக் கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார். அதன் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்துத் தண்டும் இந்தத் தொகை இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் வருகிறது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும், அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, நூலகத்துக்குப் பங்காளி ஆகிறார். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று தமிழகம் முழுதும் விரிந்த வலையை நெய்தது இந்தப் பத்துக் காசு.

கடலூர் வரை வந்த அந்தச் சட்டம் தவளக்குப்பத்துக்கு வரவில்லை. 1948-ல் இது பிரெஞ்சு மண். அதுவும் ஒரே துண்டான மண் அல்ல. தென்னார்க்காட்டு ஊர்களுக்கு நடுவே அங்கங்கே சிதறிக் கிடந்த கொம்யூன்கள். ஒரு வாய்க்காலின் இந்தக் கரை பிரெஞ்சு, அந்தக் கரை இந்தியா என்றிருந்த இடங்கள் உண்டு. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் முடிந்தது. புதுச்சேரியின் மழைக்காலம் இன்று நவம்பர் 1-ன் விடுதலை நாள் கொடியேற்றத்தோடு தொடங்குவது இதனால்தான்.

இணைப்புக்குப் பின் பழைய பிரெஞ்சு நூலகத்துக்கும் புதுப் பெயர் வந்தது. 1966, பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலான் பிறந்த நூறாவது ஆண்டு. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல் காந்தியையும் இராமகிருஷ்ணரையும் விவேகானந்தரையும் பற்றி நூல் எழுதியவர் அவர். இரண்டு நாடுகளுக்கும் பொதுவான அந்தப் பெயரை நூலகத்துக்குச் சூட்டினார்கள். ரோமன் ரோலண்டு நூலகம் என்று ஊரார் வாயில் வழங்கும் அதில் இன்று மூன்று லட்சத்துக்கும் மேல் நூல்கள் இருக்கின்றன. முக்கியமான மாற்றம் வேறொன்று. 1827-ல் தன் வாசலில் ஆள் பார்த்து விட்ட அந்த நூலகமே பேருந்தில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. மேலவாசல் மாட்டு வண்டி செய்த வேலையைப் புதுச்சேரியில் மோட்டார் வண்டி செய்தது. கொம்யூன்களில் அரசின் கிளை நூலகங்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1972-ல் கல்கத்தாவில் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை நாடெங்கும் உள்ள பொது நூலகங்களுக்கு நூல் வாங்க உதவி வழங்கி வருகிறது.

சிறு நூலகத்துக்கு மழைக்காலம் விழாக் காலம் மட்டுமல்ல, சோதனைக் காலமும்தான். காற்றில் ஈரம் ஏறினால் தாள் நெளியும். அட்டை பூஞ்சை பிடிக்கும். பசையைத் தின்ன இராமபாணப் பூச்சி வரும். சுவரில் ஓதம் ஏறினால் பின்னாலேயே கரையான் வரும். ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே இது நம் நூல்களின் விதி. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் சேர்த்த சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றையும் எண்ணெய் தடவித் துடைத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கிளை நூலகத்தில் அவ்வளவு வசதி ஏது? அந்துருண்டை, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி, மழை விட்ட நாளில் திறந்து வைக்கும் சன்னல்: இவ்வளவுதான் படைக்கலம். இதில் பெரிய மருந்து, புத்தகம் கைமாறிக்கொண்டே இருப்பதுதான். எடுத்துப் புரட்டும் நூலில் பூச்சி தங்காது. நூலக வாரத்தில் கண்காட்சிக்கென்று ஆண்டு முழுதும் அசையாத நூல்களையெல்லாம் எடுத்துத் தட்டித் துடைத்து மேசையில் பரப்புகிறார்களே, அது மழைக்கு நடுவே புத்தகங்களுக்குக் கிடைக்கும் வைத்தியமும்கூட.

புயலுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் பெருகிக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தன. இந்தக் கடலோரத்தில் நூல்களை வெறும் தரைமட்டத்தில் அடுக்கி வைக்கக் கூடாது என்ற பாடத்தை ஒவ்வொரு தலைமுறை நூலகரும் தண்ணீரில் நின்றுதான் கற்கிறார்.

தவளக்குப்பம் சாலைச் சந்திப்பிலிருந்து கிழக்கே திரும்பினால் வரும் நல்லவாடு, இந்த வரலாற்றில் தனி இடம் பெற்ற மீன்பிடி ஊர்.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை இடம். அங்கிருந்து கம்பியில்லா அலைவரிசையில் ஊர்களுக்குத் தகவல் போகும். மின்சாரம் நின்றால் சூரிய ஒளித்தகடு கைகொடுக்கும். இடத்தை ஊர் தர வேண்டும், எந்தச் சாதியாரும் பெண்களும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்திலேயே மையம் நடந்தது. நடத்தியவர்கள் ஊர்ப் பெண்கள். 1827-ன் நூலகம் யாரை வெளியே நிறுத்தியது என்று எண்ணிப் பார்த்தால், இந்த நிபந்தனையின் எடை புரியும்.

அந்த மையங்களில் அலமாரி நிறையப் புத்தகம் இருந்ததில்லை. நெல் விலை, ஆஸ்பத்திரித் தகவல், அரசுத் திட்டங்களின் பட்டியல், ‘நம்ம ஊரு செய்தி’ என்ற உள்ளூர் இதழ் ஆகியவை இருந்தன. வாசகருக்கு அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே கையில் கொடுப்பது என்ற அளவில் அவையும் நூலகங்களே. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற ரங்கநாதனின் நான்காவது விதியை அவை வேறொரு கருவியால் நிறைவேற்றின. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அடுத்த நாளைய அலை உயரத்தையும் காற்று வேகத்தையும் எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கடலுக்குப் போவதா, வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பதா என்பதை மீனவர் அதைக் கேட்டு முடிவு செய்வார். மழை மாதங்களில் அந்தக் குரலுக்குத்தான் அதிக மதிப்பு. ஒருவர் வாசிக்க ஊரே கேட்கும் திண்ணை வழக்கம், கம்பத்தின் உச்சியில் ஏறி நின்றது.

2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. நல்லவாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். ஊரில் இருந்த காலத்தில் அறிவு மையத் திட்டத்தில் பணி செய்தவர். நிலநடுக்கச் செய்தி கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் வீட்டுப் பக்கம் ஏறி வருகிறது என்று வீட்டார் சொன்னார்கள். உடனே வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். செய்தி ஓடியது. ஊர்க்காரர்கள் நல்லவாட்டு அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியை எடுத்தார்கள். நாள்தோறும் அலை உயரம் சொன்ன அதே கருவி, எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்றது. அந்தக் குரலை ஊர் பல மாதங்களாகக் கேட்டுப் பழகி நம்பியிருந்தது. 3,600-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊரில் வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதும் அன்று ஏறக்குறைய 600 பேர் இறந்தார்கள்.

நூலகத்தின் கதவு யாருக்காக என்ற கேள்வி 1827 முதல் இந்த மண்ணில் இருந்துவருகிறது. நல்லவாட்டில் அன்று ஊரே அந்தக் கதவைத் தன்னுடையதாகக் கருதி உடைத்தது. வேற்றார் கட்டடம் என்று நினைத்திருந்தால் யாரும் அதை நோக்கி ஓடியிருக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் வந்துபோன பழக்கம்தான் ஆபத்து நேரத்தில் காலை அங்கே திருப்பியது.

மழைக்கால நிகழ்ச்சிகளின் பயனை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். நூலக வாரத்தின் ஏழு நாளில் ஒரு கிளை நூலகம் செய்வது எளிய காரியங்கள்தான். முதல் நாள் புத்தகக் கண்காட்சி. அடுத்தடுத்த நாட்களில் கட்டுரை, பேச்சு, ஓவியப் போட்டிகள். ஒரு நாள் பக்கத்துப் பள்ளி வகுப்புகள் வரிசையாக வந்து பார்ப்பது. ஒரு மாலை வாசகர் வட்டக் கூட்டம், உள்ளூர் எழுத்தாளர் அல்லது ஆசிரியர் பேச்சு. கடைசி நாள் பரிசளிப்பு. தமிழக நூலகங்களில் புதிய உறுப்பினர் சேர்க்கையோடு, நன்கொடை தரும் புரவலர்களைச் சேர்ப்பதும் இந்த வாரத்தில் நடக்கும். பிறகு டிசம்பர் 11, பாரதி பிறந்த நாள். அவர் பத்தாண்டு வாழ்ந்த புதுச்சேரியில் அதற்குக் கவியரங்கம் இல்லாமல் தீராது. டிசம்பரில் புதுவை எழுத்தாளர் புத்தகச் சங்கத்தின் புத்தகக் கண்காட்சி. தை பிறந்ததும் திருவள்ளுவர் நாள். இந்தத் தொடரில் ஏதோ ஒன்றுக்கு, ஆண்டில் மற்ற நாட்களில் அந்தப் படியை மிதிக்காத ஒரு தாயோ பாட்டியோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்.

வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். போட்டி முடியும் வரை காத்திருக்க வேண்டும். வெளியே மழை. பக்கத்து மேசையில் சமையல் குறிப்பு நூலும், வார இதழும், கி.ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளும் பரப்பியிருக்கும். கையை நீட்டினால் எட்டும் தூரம். மழை அவரை அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கிறது. கோடையில் இதே விழாவை வைத்திருந்தால் பரிசை வாங்கிய கையோடு வீட்டுக்குப் போயிருப்பார். அய்யங்கி வைத்த மழை நாள் தேதி, அவர் எண்ணியிராத விதத்தில் இப்படி உதவிக்கு வருகிறது.

நவம்பர் 20 மாலை. பரிசளிப்பு முடிந்து பாயைச் சுருட்டியாகிவிட்டது. ஓவியங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஈரக்காற்றில் ஓரம் சுருள்கிறது. புதிதாக உறுப்பினரான பிள்ளை தான் எடுத்த முதல் புத்தகத்தை மேசையில் வைக்கிறது. நூலகர் கடைசிப் பக்கத்தைத் திறக்கிறார். ஒட்டியிருக்கும் தேதித் தாளில் பழைய முத்திரைகள் வரிசையாக இறங்கி வந்திருக்கின்றன. முத்திரையை ஊதா மையில் ஒற்றி, டிசம்பர் 4 என்று பதிக்கிறார். மை காயட்டும் என்று சிறிது ஊதிவிட்டு, புத்தகத்தைப் பாலித்தீன் பையில் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடித்துக் கொடுக்கிறார். மழை விட்டபாடில்லை. பிள்ளை பையைச் சட்டைக்குள் செருகி, மேலே ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு, குவியலில் தன் செருப்பைத் தேடுகிறது.